முப்பத்திரண்டு அங்குல மூடுபனி

சின்னேரிஅள்ளி, பாலக்கோடு வழி,
செவ்வாய்க்கிழமை, மாலை.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை பூவரசனுக்கு, உன் அக்காள் புருஷன் மாதையன் எழுதிக்கொண்ட கடிதம். இங்கே நான் சுகம், கறவை மாடு சுகம், ஒன்றரை ஏக்கர் தக்காளியும் இந்த நிமிடம் வரை சுகம். உன் அக்கா காவேரியும் உடம்பளவில் சுகமாகத்தான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு ஐம்பதிலிருந்து என்னோடு பேசுவதில்லை, அவ்வளவுதான். ஓசூரில் நீயும் வெண்மதியும் குழந்தை காவியாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழியில்லை, ஏனென்றால் போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேன் மாமா" என்று வைத்துவிடுகிறாய்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. நம் வீட்டில் நான் போன் பேசினால் அடுப்படியில் இருக்கிற உன் அக்காவுக்கு எதிர்முனையில் பேசுவது உட்படக் கேட்கும். அதனால்தான் முப்பத்திரண்டு வருடம் மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எழுதிய அதே கையால் இதை எழுதுகிறேன். விஷயம் இதுதான். வருகிற சனிக்கிழமை உன் அக்கா தனியாக பஸ் ஏறி உன் வீட்டுக்கு வரப்போகிறாள். அன்று மதியம் இரண்டரைக்கு மறு ஒளிபரப்பாகிற தன்னுடைய நிகழ்ச்சியை உன் வீட்டு டிவியில் பார்ப்பதற்காக. பார்த்துவிட்டு எப்போது திரும்புவாள் என்று பக்கத்து வீட்டு ரோசம்மாளை விட்டுக் கேட்கச் சொன்னேன். "தெரியாது" என்று பதில் வந்திருக்கிறது. அவளை நீ எப்படியாவது வரவேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். ஏன் என்பதை விளக்கமாக எழுதுகிறேன், பாதியில் மடித்து வைத்துவிடாதே.

போன மாதம் ஒரு சேனலிலிருந்து இரண்டு பேர் கேமராவோடு நம் தோட்டத்துக்கு வந்தது உனக்குத் தெரியும். தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக் கயிறு கட்டி, வரப்போரம் செண்டுமல்லி வைத்து, காய்ப்புழுவைப் பூப்பக்கம் திருப்பிவிட்ட பெண் விவசாயி என்று வேளாண்மை ஆபீசில் யாரோ உன் அக்கா பேரைச் சொல்லியிருக்கிறார்கள். அந்த யோசனையெல்லாம் யார் கொடுத்தது என்று நான் எழுதப்போவதில்லை, எனக்கு விளம்பரம் பிடிக்காது. ஆனால் அன்றைக்கு விடிந்ததிலிருந்து நானும் தோட்டத்தில்தான் இருந்தேன், குனிந்த இடுப்பை நிமிர்த்தாமல் கயிறு கட்டினேன் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன். கேமராக்காரர்கள் என்னைப் பேசச் சொல்லவில்லை. உன் அக்காவை மட்டும் முக்கால் மணி நேரம் பேச வைத்தார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நிகழ்ச்சி ஞாயிறு காலை ஏழரைக்கு என்று தகவல் வந்ததும், "இதைப் புது டிவியில்தான் பார்க்க வேண்டும், எச்டியில் பார்க்க வேண்டும்" என்று முடிவெடுத்ததே நான்தான். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பொறுக்கவில்லை.

"இருக்கற டிவி நல்லாத்தாங்க தெரியுது, எதுக்குப் புதுசு" என்றாள் உன் அக்கா. பழைய டப்பா டிவியில் இடது பக்கம் கொஞ்சம் பச்சையாகத் தெரியும். செய்தி வாசிப்பவர் இடது பக்கம் சாய்ந்தால் காமாலை வந்தவராக ஆகிவிடுவார். "நீ தக்காளியைக் காட்டும்போது எல்லாம் காயாகத் தெரிந்தால் பரவாயில்லையா?" என்று கேட்டேன்.  நீயும் அந்த நேரம் பார்த்து, "மாமா, இது பட்ஜெட்ல பெஸ்ட்" என்று ஒரு போட்டோ அனுப்பினாய். போட்டோவில் அந்த டிவிக்குள்ளே ஒரு கிளி உட்கார்ந்திருந்தது. அதன் ஒவ்வொரு இறகையும் எண்ணலாம் போலிருந்தது. முப்பத்திரண்டு அங்குலம் என்று போட்டிருந்தது. எனக்கு சர்வீஸ் முப்பத்திரண்டு வருடம், வருடத்துக்கு ஒரு அங்குலம் என்று மனசுக்குப் பொருத்தமாகப் பட்டது.

தர்மபுரி டவுனில் ஒரு கடைக்குப் போனேன். பேரை எழுதவில்லை, கேஸ் ஆகிவிட்டால் உனக்கும் சங்கடம். குரு என்று ஒரு பையன், கழுத்தில் அட்டை தொங்கவிட்டிருந்தான், என்னைக் கண்டதும் நாற்காலி போட்டான், டீ வாங்கிக் கொடுத்தான், அங்கேயே நான் பாதி விழுந்துவிட்டேன் என்று இப்போது புரிகிறது. "இது எச்டி தானே தம்பி?" என்று கேட்டேன். "எச்டி ரெடிங்க சார்" என்றான். "ரெடின்னா?" "ரெடிங்க சார். வூட்டுக்கு எடுத்துட்டுப் போயி மாட்ட வேண்டியதுதான்." நீயே சொல்லு மாப்பிள்ளை. சாப்பாடு ரெடி என்றால் இலையில் விழுகிறது என்று அர்த்தம். பஸ் ரெடி என்றால் ஏறி உட்காரலாம். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். பழைய டிவியை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வதாகவும் சொன்னான். அதை ஒரு துணிப்பையில் போட்டுக் கையோடு கொண்டு போயிருந்தேன். அவன் அதை ஆன் செய்துகூடப் பார்க்கவில்லை. கொண்டுபோய் ஒரு மூலையில் தலைகீழாக வைத்தான். பதினெட்டு வருடம் உழைத்த பொருள், எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கிளம்பும்போது குரு ஒரு விஷயம் சொன்னான். "சார், பின்னாடி ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்குதுங்க. அதக் கிழிச்சா வாரண்டி போயிடுங்க." எனக்கு அவன் மேல் அப்போதுதான் மரியாதை வந்தது. மீட்டர் சீலை உடைத்தவர்களை நான் என்ன பாடு படுத்தியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும், உன் சொந்தப் பெரியப்பாவையே விடவில்லை. "தம்பி, முன்னாடியோ பின்னாடியோ, இதுல ஒட்டியிருக்கற எதுலயும் என் நகம் படாது" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வேனில் அனுப்புகிறோம், திங்கட்கிழமை வரும் என்றார்கள். நிகழ்ச்சி ஞாயிறு. அதனால் பஸ்ஸிலேயே கொண்டு வந்தேன். டிவியைப் படுக்க வைத்தால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும் என்று யாரோ சொன்னதால் பெட்டியை நிற்க வைத்துப் பிடித்துக்கொண்டேன். அதற்கு இடம் போதவில்லை, சீட்டில் உட்கார வைத்தேன். கண்டக்டர் வந்து, "இதுக்கு டிக்கெட்டு?" என்றார். "இது பொருளுங்க" என்றேன். "பொருளுன்னா கீழ வையுங்க, ஆளுன்னா டிக்கெட்டு எடுங்க" என்றார். எடுத்தேன். காரிமங்கலம் கூட்ரோட்டில் ஏறிய ஒரு அம்மா என்னிடம் இல்லாமல் பெட்டியிடம், "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பாலக்கோட்டில் இறங்கும்போது எனக்கு இடது தோள் போய்விட்டது, பெட்டிக்கு ஒரு கீறல் இல்லை. அந்த டிக்கெட்டை வாரண்டி அட்டையோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தால் டிவி ஷோகேசுக்குள் போகவில்லை. பழைய டிவி இருந்த பொந்து அதன் அளவுக்கே ஆசாரி செய்தது. மேஜை மேல் வைக்கலாம் என்றால் இந்த டிவிக்கு நடுவில் கால் இல்லை, இரண்டு ஓரத்திலும் இரண்டு கால். நம் மேஜையோ குறுகல், நடுவில்தான் இருக்கிறது. கடைசியில் சுவரில் மாட்டுவது என்று ஆனது. நம் கூடத்தில் ஆணி அடித்தால் உதிராத சுவர் ஒன்றே ஒன்றுதான், அதில் உன் அப்பா போட்டோ இருக்கிறது. மாமனாரை எடுக்க நான் சம்மதிக்கவில்லை, அதை நீ கவனிக்க வேண்டும். அவரை ஒன்றரை அடி மேலே ஏற்றி, கீழே டிவிக்கு இடம் விட்டோம். ஆனால் அந்தச் சுவருக்கு இருக்கிறது ஒரே பிளக் பாயிண்ட். அதில்தான் உன் அப்பா போட்டோவின் சின்ன பல்பு எரிந்துகொண்டிருந்தது. பிளக் பலகை வைத்து ஒயர் இழுக்கலாம் என்று பக்கத்து வீட்டு இன்னாசி சொன்னான். ஒரு பாயிண்டில் இரண்டு லோடு போடக்கூடாது என்று ஊருக்கே சொன்னவன் நான், என் வீட்டிலேயே போட முடியுமா? ஆக இப்போது டிவி பார்க்க வேண்டுமென்றால் மாமனாரை அணைக்க வேண்டியிருக்கிறது. உன் அக்கா முதல் தடவை அதைப் பார்த்தபோதே முகம் சுண்டிவிட்டது.

மாட்டுவதற்குக் கம்பெனியிலிருந்து ஒரு டெக்னீசியன் வந்தார். சனிக்கிழமை காலை வருகிறேன் என்று சாயங்காலம் வந்தார், வரும்போதே அடுத்த வீட்டுக்குப் போகிற அவசரத்தில் வந்தார். ஓட்டை போட்டார், மாட்டினார், கேபிள் பெட்டியைச் செருகினார். கடைசியில் திரையின் மேல் மூலையில் நகத்தை வைத்து எதையோ சுரண்டப் பார்த்தார். நான் பாய்ந்துவிட்டேன்.

"கைய எடுங்க தம்பி."

"சார், இது வந்து…"

"எதுன்னு எனக்குத் தெரியும். நீங்க கிழிச்சிட்டுப் போயிருவீங்க, நாளைக்கு வாரண்டி இல்லைன்னு நீங்களே வந்து சொல்லுவீங்க."

"எல்லாரும் எடுத்துருவாங்க சார்."

"எல்லாரும் மீட்டருக்கு முன்னாடி கொக்கி போட்டுக்கூடத்தான் கரண்ட் எடுக்கறாங்க. புடிச்சுக் குடுத்ததே நாந்தான்."

அவர் என்னைப் பார்த்தார், உன் அப்பா போட்டோவைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். "உங்க இஷ்டங்க சார்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். போகும் முன் ஒரு அருவிப் படம் ஓடவிட்டுக் காட்டினார். ஒரே புகையாக இருந்தது. அருவி என்றால் சாரல் அடித்துப் புகையாகத்தான் இருக்கும், ஒகேனக்கல்லில் நாம் பார்க்காததா என்று நான் திருப்தியாகத் தலையாட்டினேன்.

ரிமோட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதில் ஒரு பட்டனை அமுக்கிக்கொண்டு பேசினால் டிவி கேட்டுக்கொள்ளுமாம். சனிக்கிழமை ராத்திரி என் போனிலிருந்து நெட் கொடுத்து, "காலை ஏழரை மணி விவசாய நிகழ்ச்சி" என்று மரியாதையாகக் கேட்டேன். அது எனக்கு யோகாசனம் காட்டியது. இன்னும் சத்தமாகக் கேட்டேன், குழந்தைகள் பாட்டு வந்தது. உன் அக்கா அடுப்படியிலிருந்தே, "அந்தக் கருமத்த நிறுத்திட்டுச் சாப்புட வாங்க" என்றாள். என் விரல் பட்டன் மேலேயே இருந்திருக்கிறது. கர்மாவைப் பற்றி ஒரு சாமியார் ஒன்றே கால் மணி நேரம் பேசினார். அவரைச் சுற்றி இருந்த மங்கலைச் சாம்பிராணிப் புகை என்று நினைத்துக்கொண்டோம். நிறுத்தத் தெரியாமல் கடைசி வரை கேட்டோம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஆறரைக்கே கூடம் நிறைந்துவிட்டது. இன்னாசி, தோட்டத்தில் நம்மோடு வேலை பார்க்கிற அவன் பெண்டாட்டி ரோசம்மாள், மகளிர் குழுவில் எட்டுப் பேர், பால் ஊற்றுகிற இடத்திலிருந்து நாலு பேர். உன் அக்கா படம் பிடித்த அன்று கட்டியிருந்த அதே பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எதற்கு அதே புடவை என்று கேட்டதற்கு, "உள்ளயும் வெளியயும் நாந்தான்னு தெரிய வேணாமா" என்று சிரித்தாள். கல்யாணம் ஆகி முப்பத்து மூன்று வருடத்தில் அவள் அப்படிக் கூச்சப்பட்டு நான் பார்த்ததில்லை. மாமனாரை அணைத்தேன். டிவியைப் போட்டேன். ஏழரைக்கு நிகழ்ச்சி வந்தது.

மாப்பிள்ளை, பச்சையாக ஒன்று அசைந்தது. அதன் மேலே முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஆவி பிடித்த மாதிரி ஒரு மங்கல். சுற்றிச் சிவப்பும் மஞ்சளுமாகப் புள்ளிகள்.  முதலில் ரோசம்மாள்தான், அவள் வெள்ளந்தி, மனசில் ஒன்றும் கிடையாது, "ஏனுங்க, நூஸ்ல திருடனப் புடிச்சா மூஞ்சிய இப்படித்தான அழிச்சுக் காட்டுவாங்க" என்றாள். பால் ஊற்றுகிறவர்களில் ஒருத்தன், "யக்கா மேல எதாச்சும் கேசுங்களா?" என்றான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நான் நிலைமையைச் சமாளிக்க வேண்டும் என்று எழுந்து நின்று விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். தூரத்தில் குனிந்து குனிந்து ஒரு உருவம் கயிறு கட்டிக்கொண்டிருந்தது. "அது நான்" என்று காட்டினேன். எல்லோரும் அப்படியா என்றார்கள். அப்புறம் கேமரா ஒரு மரத்தடிக்குப் போனது. அங்கே வெள்ளையாக நீளமாக ஒன்று கிடந்தது. "அது என்னாங்க?" என்றான் இன்னாசி. "உர மூட்டை" என்றேன். அந்த மூட்டைக்குக் கீழே எழுத்துப் போட்டார்கள். உற்றுப் பார்த்தால் மாதையன் என்கிற என் பேர் மட்டும் குத்துமதிப்பாகத் தெரிந்தது. "பாத்தியா இன்னாசி, உரம் வெக்கிற விஷயத்துல ஆலோசனை நாந்தான்னு போட்டிருக்கான்" என்று எடுத்துச் சொன்னேன். இப்படி நான் விளக்கிக்கொண்டே இருந்ததில் உன் அக்கா பேசியது யாருக்கும் கேட்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். எனக்கென்ன தெரியும், நான் பேசும்போது எனக்கு நான் பேசுவதுதான் கேட்கும்.

அதோடு விட்டிருக்கலாம். நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் எழுந்தபோது, டிவிக்கு ஒரு கெட்ட பேர் வந்துவிடக்கூடாதே என்கிற பதற்றத்தில், "டிவி மேல தப்பு இல்ல. காவேரி ஆடிக்கிட்டே பேசியிருப்பா, அதான் மங்கலா வுழுந்திருக்குது" என்று சொல்லிவிட்டேன். அத்தனை பேர் முன்னால். உன் அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகச் சுவருக்குப் போனாள், டிவியின் பிளக்கைப் பிடுங்கினாள், அப்பா பல்பைச் செருகினாள், உள்ளே போய்ப் பச்சைப் புடவையை மாற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டாள். அவள் முகம் அப்போது இருந்த இருப்பை நான் பார்த்தேன் மாப்பிள்ளை. அது டிவியில் தெரியாமல் போனதைவிட எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது, இருக்கிறது. அப்போது மணி ஏழு ஐம்பது.

திங்கட்கிழமை முழுக்க நான் நியாயம் கேட்டேன். குருவுக்குப் போன் போட்டேன். "எச்டி ரெடின்னா, எச்டிக்கு ரெடியா இருக்குதுன்னு அர்த்தம்ங்க சார். எச்டி வந்தா காட்டும்" என்றான். "எச்டி எப்ப வரும்?" "அது கேபிள்காரரக் கேக்கணுங்க." கேபிள்காரரைக் கேட்டேன். "நம்ம லைன்ல இருக்கறது சாதாங்க. எச்டிக்கு வேற பாக்ஸ் போடணும், பாக்ஸ் ஸ்டாக் இல்லீங்க, வந்தா நாங்க ரெடிங்க" என்றார். கம்பெனி நம்பருக்கு அடித்தேன். ஒரு பெண் குரல் தமிழுக்கு இரண்டை அமுக்கச் சொன்னது. அமுக்கினேன். இந்தியில் பேசியது. ஆக நாட்டில் எல்லாரும் ரெடியாக இருக்கிறார்கள், வர வேண்டியது மட்டும் வரவில்லை. போனில் பார்க்கலாமே என்று நீ கேட்பாய். சேனல்காரர்கள் நிகழ்ச்சியை இன்னும் ஏற்றவில்லையாம். சனிக்கிழமை மறு ஒளிபரப்புக்குப் பிறகுதான் ஏற்றுவார்களாம்.

ஆகவே மாப்பிள்ளை, உன்னிடம் நான் கேட்பது மூன்று. ஒன்று, உன் அக்காவுக்குப் போன் செய்து, சனிக்கிழமை நீங்கள் எல்லோரும் வெளியூர் போவதாகச் சொல்லிவிடு. அவள் உன் வீட்டு ஐம்பத்தைந்து அங்குலத்தில் தன்னைத் தெளிவாகப் பார்த்துவிட்டால் இந்த ஜென்மத்தில் நம் கூடத்து டிவியையோ என்னையோ நிமிர்ந்து பார்க்க மாட்டாள். இரண்டு, உனக்கு இங்கிலீஷ் வரும், தெளிவாகத் தெரியாத டிவியை விற்றதற்கு அந்தக் கம்பெனிக்குக் கடுமையாக ஒரு மெயில் போடு. மூன்று, அந்தச் சேனலுக்கும் ஒன்று போடு. என் பேரைப் போட்டுவிட்டு என் முகத்தைக் காட்டாமல் உர மூட்டையைக் காட்டியது என்ன நியாயம் என்று கேள். பாடுபட்டவன் ஒருவன் அங்கே இருந்தான் என்று நாலு பேருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். எனக்கு வேண்டியது அந்தத் தெளிவு ஒன்றுதான்.

வெண்மதிக்கு என் விசாரிப்பு. காவியாவுக்குப் பெரிய மாமாவின் முத்தமும், பரீட்சையில் நல்ல மார்க் வாங்க ஆசியும். உன் வீட்டில் பாலும் பொங்கட்டும், கரண்ட் பில்லும் கட்டுக்குள் இருக்கட்டும். கண்ணில் தெளிவோடும் சுவரில் போதுமான பிளக் பாயிண்டுகளோடும் நீங்கள் பல்லாண்டு வாழ வேண்டும் என்று மேலே இருக்கிற உன் அப்பாவையும் வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் நலம் விரும்பும் மாமா,
மாதையன்,
மின்வாரியக் கணக்கீட்டாளர், ஓய்வு.

பின்குறிப்பு, சனிக்கிழமை, சாயங்காலம்:

இந்தக் கடிதத்தைப் பாலக்கோட்டில் தபாலில் போடச் சொல்லி இன்னாசியிடம் கொடுத்தேன். இன்றைக்கு மத்தியானம் வரை அவன் வண்டிப் பெட்டியிலேயே கிடந்திருக்கிறது. நல்லதாகப் போயிற்று என்பதா கெட்டதாகப் போயிற்று என்பதா என்று எனக்கே தெரியவில்லை, அதனால் அப்படியே அனுப்புகிறேன். மேலே எழுதியதில் எதையும் நீ நம்ப வேண்டாம்.

காலையில் உன் அக்கா ஓசூர் கிளம்பப் பையெல்லாம் கட்டிவிட்டாள். கிளம்பும் முன் அப்பா போட்டோவுக்குச் சந்தனம் வைத்தாள். சந்தனம் ஒரு சொட்டு கீழே டிவி மேல் விழுந்துவிட்டது. ஈரத் துணியால் துடைத்தாள். திரையின் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டது. அவள் அதைப் பிடித்து இழுத்தாள். நான், "ஐயோ, வாரண்டி" என்று ஓடி வருவதற்குள் சர்ரென்று முழுசாக உரிந்து கையோடு வந்துவிட்டது, திரையில் கீறல் விழாமலிருக்கக் கம்பெனி ஒட்டி அனுப்பிய, முப்பத்திரண்டு அங்குலத்துக்கு ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் தாள். திரை கிணற்றுத் தண்ணீராகக் கறுப்பாகப் பளபளத்தது. அதில் நாங்கள் இரண்டு பேரும் தெரிந்தோம், அவள் முகம் இருந்த இருப்பும் என் முகம் இருந்த இருப்பும்.  ரோசம்மாளை அனுப்பி, ஞாயிற்றுக்கிழமை வந்திருந்த அத்தனை பேரையும் இரண்டரைக்கு வரச் சொல்லிவிட்டாள்.

இரண்டரைக்கு உன் அக்கா வந்தாள் மாப்பிள்ளை. பச்சைப் புடவை, நெற்றியில் வேர்வை, காதோரத்து மச்சம் உட்படத் தெரிந்தது. கேமராவைப் பார்த்துப் பயப்படாமல், கையைக் காலை ஆட்டாமல், எந்தப் புழு எந்தப் பூவுக்குப் போகும் என்று ஒரு ஆபீசர் மாதிரி சொன்னாள். இத்தனை விஷயம் அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. இந்தத் தடவை நான் எழுந்து நின்று விளக்கம் சொல்லவில்லை. கூடத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். அந்த அளவோடு நிகழ்ச்சி முடிந்திருக்கலாம்.

தூரத்தில் குனிந்து கயிறு கட்டிக்கொண்டிருந்தது ரோசம்மாள். "ஏனுங்க, நானும் வந்திருக்கறங்க" என்று அவளே கூவிவிட்டாள். பிறகு பேட்டி எடுத்தவர், "உங்க வீட்டுக்காரர் உதவி செய்வாருங்களா?" என்று கேட்டார். உன் அக்கா கொஞ்சம் யோசித்தாள். "செய்வாருங்க. தோட்டத்துக்கு வந்தா நெழல்ல படுத்துக்குவாருங்க. அது பெரிய உதவிங்க. எந்திரிச்சா யோசன சொல்லுவாரு" என்றாள். உடனே கேமரா அந்த மரத்தடிக்குப் போனது. அது உன் பேர் கொண்ட மரம்தான், பூவரச மரம். அடியில் உர மூட்டை கிடந்தது. உர மூட்டைக்கு வெள்ளை வேட்டி இருந்தது, வெள்ளைத் துண்டு இருந்தது, வாய் திறந்திருந்தது. மூக்கின் மேல் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது, அதன் இறக்கையைக்கூட எண்ணலாம். எச்டி ரெடியே இப்படி என்றால் முழு எச்டி வந்தால் என் கதி என்ன ஆவது? அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், "கணவர் மாதையன், ஓய்வு" என்று போட்டிருந்தார்கள்.

எல்லோரும் போன பிறகு உன் அக்கா, ஏழு நாளில் முதல் தடவையாக, என்னிடம் வந்து பேசினாள். "ஏங்க, உர மூட்டைக்குக் காபி போடட்டுங்களா?" என்றாள். போடு என்றேன். அவள் இனி ஓசூர் வரவில்லையாம், உங்களைத்தான் வரச் சொல்கிறாள். நிகழ்ச்சியைச் சேனல்காரர்கள் நாளைக்கு ஏற்றிவிடுவார்களாம், தர்மபுரி மாவட்டம் முழுக்க போனில் பார்க்கப்போகிறது.

கம்பெனிக்கு மெயில் போட வேண்டாம். அதற்குப் பதில் வேறொன்று போடு. அந்த வெள்ளைத் தாள் தனியாகக் கிடைக்குமா என்று கேள். இங்கே இருந்ததை உன் அக்கா நாற்றங்கால் மேல் மூடிவிட்டாள். அளவு முப்பத்திரண்டு அங்குலம்.